புல்தரையில் ஒரு கோடு

பூங்காவில் எனக்கு 'விசில்' என்று பெயர். புல்லில் யார் கால் வைத்தாலும் ஊதிவிடுவேன் என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் வைத்தது. பத்தொன்பது வருஷமாக நடுப் புல்தரை என் பொறுப்பு. தண்ணீர் விடுவது, களை பிடுங்குவது, வெட்டுவது, வெட்டியதை வாருவது எல்லாம் நான்தான். "என் தலையை ஒருநாளாவது இப்படிக் கவனிச்சிருக்கியா?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அங்கே கவனிக்க என்ன இருக்கிறது, சுத்த வழுக்கை.

அந்தப் புல்தரையின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. முதலில் புல் சாய்ந்தது, பிறகு மஞ்சளானது, பிறகு மண்ணே தெரிந்தது. எல்லாம் ஒரே ஆள் செய்த வேலை. தெற்கு வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பெரியவர். தினமும் பகல் பன்னிரண்டுக்குக் கடையைப் பூட்டிவிட்டு, கையில் பிளாஸ்க்கோடு குறுக்கே நடந்து வடக்கு வாசலுக்குப் போவார். அதற்கு எதிரே ஆஸ்பத்திரி. நான் ஊதினால் தலையை ஆட்டுவார், கால் மட்டும் நிற்காது.

சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும், "இது புல்தரையா, மாடு போற தடமா?" என்று கேட்டுவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. அன்றே பெரியவரை வழிமறித்தேன்.

"ஐயா, சிமென்ட் பாதை எதுக்குப் போட்டிருக்கு? அழகு பார்க்கவா?"

"சுத்திப் போனா கால்மணி நேரம் ஆகுதும்மா. இப்படிப் போனா அஞ்சே நிமிஷம். பன்னெண்டு மணிக்குத்தான் உள்ளே விடுறாங்க. நான் ஊட்டினாத்தான் என் சம்சாரம் சூப் குடிப்பா."

"ஒரு மணி வரைக்கும் விடுவாங்கல்ல? பத்து நிமிஷம் தாமதமானா குடி முழுகிப் போயிடுமா?"

அவர் என்னை விலகிக்கொண்டு புல்லிலேயே நடந்தார். மறுநாள் காலையில் குச்சி நட்டு, கம்பி இழுத்து, மண்ணைக் கிளறிப் புல் விதை தூவினேன். பன்னிரண்டு மணிக்கு வந்தவர் வேலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிமென்ட் பாதையில் ஓட்டமும் நடையுமாகப் போனார். ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

மூன்று நாள் அப்படிப் போனார். பிறகு ஆளைக் காணோம். கோபித்துக்கொண்டு தெரு வழியாகப் போகிறார் போலிருக்கிறது, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு மாதத்தில் புல் மூடிக்கொண்டது. வேலியை எடுத்துவிட்டுத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது பெரியவர் வந்தார். கையில் பிளாஸ்க் இல்லை, ஒரு காகித உறைதான் இருந்தது. ஜம்பம் யாரை விட்டது?

"பார்த்தீங்களா ஐயா, கோடு இருந்த இடமே தெரியல!"

"நல்லா வந்திருக்கும்மா."

அவர் முகம் வாடியிருந்ததைப் பார்த்ததும் மனசு இளகியது. "சரி, உங்களுக்கு மட்டும் விடுறேன். குறுக்கே போங்க."

"வேண்டாம்மா. இப்ப அவசரம் இல்ல. இறப்புச் சான்றிதழுக்கு ஒரு கையெழுத்துதான் வாங்கணும்."

"எப்போ?" என்று மட்டும் கேட்டேன்.

"நீ வேலி போட்ட மூணாம் நாள். பன்னெண்டு பத்துக்கு. நான் போய்ச் சேரும்போது பன்னெண்டே கால்." உறையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். "மணி அடிச்சதிலிருந்து கதவையே பார்த்துக்கிட்டு இருந்தாளாம். நர்ஸ் சொன்னாங்க."

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"உன் வேலையை நீ செஞ்சே. தண்ணி விடும்மா, வெயில் ஏறுது" என்று சொல்லிவிட்டு, சிமென்ட் பாதையில் சுற்றிக்கொண்டு மெதுவாகப் போனார்.

குழாயைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். தண்ணீர் ஒரே இடத்தில் கொட்டி மண்ணை அரித்தது. புதுப்புல் வேரோடு பெயர்ந்து மிதந்து போனது, நான் குழாயை நகர்த்தவில்லை.