வராதவன் ஆளு படகுலயே இருப்பான்

என் வீட்டுக்காரர் ரிஸ்வான் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப்போக உங்களுக்கு அவர்மேல் கோபம் வரும். எனக்கே இன்னும் தீரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழவேற்காட்டு ஆண்பிள்ளைகள் கேரம் ஆடுவார்கள், கிரிக்கெட் ஆடுவார்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் மட்டும் பூதத்தோடு சண்டை நடக்கும். ரிஸ்வானும் அவர் சிநேகிதர் ஆல்வினும் பொன்னேரியில் கல்லூரியில் படித்த காலத்தில் பிடித்துக்கொண்ட விளையாட்டு. பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ அந்தக் கதைக்குள் நடப்பார்கள். 'கதவை உடைக்கிறேன்' என்றால் பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணைப் பொறுத்துப் பிழைக்கலாம், சாகலாம். வெளிநாட்டில் எங்கள் வாப்பா காலத்தில் வந்த ஆட்டமாம். அந்தப் பழைய விதிப் புத்தகங்களில் எங்கே பார்த்தாலும் ஓட்டை. அந்த ஓட்டையை ஒவ்வொரு வீடும் தன் சொந்த விதியால் அடைத்துக்கொள்வதுதான் ஆட்டத்தின் அழகே என்பார் ரிஸ்வான்.

கதை சொல்வது அவர். ஆடுவது ஆல்வின் அண்ணன், அவர் மனைவி எப்சிபா, நான். கல்யாணமான புதிதில் தலையில் அடித்துக்கொண்டேன். அப்புறம் என் சூனியக்காரி ஒரு ராட்சதனை உயிரோடு எரித்தாள். அன்றைக்கு மாட்டிக்கொண்டவள்தான்.

எங்கள் வீட்டு விதிகளை ரிஸ்வான் சில தாள்களில் எழுதி ஸ்டேப்ளர் அடித்து வைத்திருந்தார். எழுதினார் என்பதைவிடப் பேசினார் என்று சொல்ல வேண்டும். 'கதவுக்குப் பின்னாடி இன்னா கீதுன்னு என்னைக் கேக்காதே, கதவைக் கேளு.' 'செத்தவன் செத்தவன்தான். அழுவுறதுன்னா அழுவு, டீ வரும்.' 'வராதவன் ஆளு படகுலயே இருப்பான். அவன் தூங்குறான். எழுப்பாதே, அவன் பையில கை வுடாதே.' அதைப் படித்தாலே இவர் எதிரில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு சொல்வதுபோல இருக்கும்.

அதில் ஒரு விதி ஆல்வின் அண்ணன் கொண்டுவந்தது. ஏரியில் இன்ன இடத்தில் இன்றைக்கு இன்ன குடும்பம்தான் வலை போடலாம் என்று மீனவக் குப்பங்களில் முறை வைத்திருப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஆட்டத்தில் சண்டை வந்தால் யார் முதலில் வெட்டுவது என்று நாங்கள் அடித்துக்கொண்டதைப் பார்த்து அலுத்துப்போய், சீட்டுக் குலுக்கிப் பாடு வைத்தார் அவர். அதன்பிறகு, "என் பாடு, வாயை மூடுங்க எல்லாரும்," என்று எப்சிபாகூட அதட்ட ஆரம்பித்துவிட்டாள்.

ஆல்வின் அண்ணனின் ஆள் பெயர் கொடுவா ராஜா. ராஜ்யம் கிடையாது, செருப்புகூடக் கிடையாது. பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்லை. எத்தனையோ பேர் செத்த ஆட்டத்தில் முதல் நாளிலிருந்து உயிரோடு இருந்தவன் அவன் ஒருவன்தான்.

பிறகு ஆல்வின் அண்ணன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கன்டெய்னர் கட்டும் வேலைக்குப் போனார். ஏரியில் இறால் படாமல் வீட்டில் அடுப்பு எரிவதே பெரும்பாடாகிவிட்டது. வேறு வழி இல்லை. ஆனால் அவருடைய குப்பம் துறைமுகமே வேண்டாம் என்று கொடி பிடித்த குப்பம். ஒருநாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்.

"பாடு லிஸ்ட்ல இருந்து என் பேரை எடுத்துட்டாங்க மச்சி. மூணு வாட்டி வரலன்னா நீங்கினதாகக் கருதப்படும்னு ஊர்க் கூட்டத்துல எழுதிப் படிச்சாங்க. கருதப்படுமாம்! எதிர்லயே குந்தினுகீறேன், என்னை இல்லன்னு கருதுறானுங்க."

"வுடுடா," என்றார் ரிஸ்வான். "இன்னொரு துண்டு மீன் போட்டுக்க."

"இங்கயாச்சும் என் ராஜா இருப்பான் இல்ல? ஞாயித்துக்கெழமைல ஷிப்ட் போட்டுட்டான்."

"எங்கடா போவான்? படகுல இருப்பான்."

நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். ஆல்வின் அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டு தலையாட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கேலியாகக் கேட்டதுபோல இருந்தாலும் அது கேலி இல்லை. பாடு இல்லாத மனுஷனுக்கு அந்தக் குப்பத்தில் கூட்டத்தில் உட்கார இடம் இல்லை. எங்களுக்கு அது தெரியாது. நாங்கள் டவுன்காரர்கள், வியாபாரக் குடும்பம். பாடு என்பது எங்கள் காதுக்குப் பஸ் டைம் மாதிரி.

அதன்பிறகு மாதக்கணக்கில் அவர் வரவில்லை. எப்சிபா மட்டும் வருவாள். "ராஜா படகுல குறட்டை வுடுறாரு, மேல போங்க," என்றுதான் ரிஸ்வான் ஒவ்வொரு வாரமும் கதையைத் தொடங்குவார். வீட்டில் போய்ச் சொன்னால் அவர் விழுந்து விழுந்து சிரிப்பதாக எப்சிபா சொல்வாள். "இன்னிக்கு ராஜா இன்னா பண்ணாருன்னு வாசல்லயே கேக்குறாரு அக்கா."

இந்த நேரத்தில்தான் சென்னையில் இந்த விளையாட்டுக்காரர்கள் கூட்டம் ஒன்று நடந்தது. ரிஸ்வான் தாள்களை எடுத்துக்கொண்டு போயிருந்தார். அடுத்த கூட்டத்துக்கு எங்கள் விதிகளைச் சின்னப் புத்தகமாகப் போட்டுக் கொண்டுவரச் சொன்னார்கள். ரிஸ்வானுக்குத் தலைகால் புரியவில்லை. அங்கே ஒரு ஆள் தாள்களைப் புரட்டிவிட்டு, விஷயம் நன்றாக இருக்கிறது, நடைதான் டீக்கடைப் பேச்சு மாதிரி இருக்கிறது, அதோடு படகில் எவ்வளவு நாள்தான் ஒருவன் இருப்பான், ஒரு வரம்பு வேண்டாமா என்று கேட்டிருக்கிறார். இவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிற மனுஷன். உட்கார்ந்து எல்லாவற்றையும் சுத்தமாகத் திருத்தினார். கதவு போயிற்று, டீ போயிற்று. 'உயிரிழந்த பாத்திரங்கள் மீட்டெடுக்கப்பட மாட்டா' என்று வந்தது. கலெக்டர் ஆபீஸ் சுவரில் ஒட்டலாம்.

புத்தகம் அச்சாகி வந்த ஞாயிறு, ஆல்வின் அண்ணனுக்கு லீவு. எப்சிபாவோடு பளிச்சென்று சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ரிஸ்வான் முதல் பிரதியை அவர் கையில்தான் கொடுத்தார். முதல் பக்கத்தில் அவருக்கு நன்றி சொல்லியிருந்தது. அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டுப் புரட்டினார்.

"பாடு எங்க மச்சி, காணோம்?"

"செயல்வரிசைன்னு போட்டுக்கீறேன்டா. பாடுன்னா மெட்ராஸ்காரனுக்கு இன்னா புரியும்?"

அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். பிறகு மெதுவாக, எழுத்துக்கூட்டுவதுபோல வாய்விட்டுப் படித்தார்.

"தொடர்ந்து மூன்று அமர்வுகளில் கலந்துகொள்ளாதவரின் பாத்திரம் ஆட்டத்திலிருந்து நீங்கியதாகக் கருதப்படும்."

எப்சிபா தன் வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள். ரிஸ்வானுக்கு மட்டும் இன்னும் ஒன்றும் உறைக்கவில்லை. நடை எப்படி என்று கேட்க ஆவலோடு நின்றுகொண்டிருந்தார்.

ஆல்வின் அண்ணன் புத்தகத்தை மூடினார். "நல்லா வந்துகீது பாய்," என்றார்.

அத்தனை வருஷத்தில் அவர் இவரை பாய் என்று கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. அப்போதுதான் ரிஸ்வான் முகம் மாறியது. "டேய், அது புக்குக்காக எழுதினதுடா. உனக்கு இல்ல," என்றார்.

"புரியுது பாய். ரூல்னா எல்லாருக்கும்தான்." டீயைக் குடித்து முடித்தார். நைட் ஷிப்ட் இருக்கிறது என்று எழுந்தார். எப்சிபாவும் எழுந்தாள்.

அவர்கள் போன பிறகு, அந்த மூன்று எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "சும்மா ஒரு எண் வேணும்னு போட்டேன். தானா வந்துச்சு," என்றார். சொல்லி முடித்ததும் அவருக்கே தெரிந்துவிட்டது. எண் மட்டும் இல்லை, வாக்கியமே ஆல்வின் அண்ணன் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னதுதான். நல்ல நடை எது என்று தேடியவர் காதில் அது கௌரவமாக ஒலித்திருக்கிறது. தன் சிநேகிதனைக் குத்திய முள் அது என்பது நினைவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். எனக்குத் திட்ட வேண்டும்போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. திட்டினேன்.

போன் செய்தால் ஆல்வின் அண்ணன் எடுப்பார், மரியாதையாகப் பேசுவார், வேலை இருக்கிறது என்பார். எப்சிபாவும் வருவதை நிறுத்திவிட்டாள். ரிஸ்வான் பிரதிகள் எல்லாவற்றிலும் அந்த வரியை அடித்துவிட்டு மேலே பழையபடி கையால் எழுதினார். அதைப் பார்க்க அவர்கள் யாரும் வரவில்லை.

கடைசியில் ஒரு ஞாயிறு பைக்கில் இருவருமாகப் போனோம். காட்டுப்பள்ளிப் பக்கம் துறைமுகத் தொழிலாளிகள் வாடகைக்கு இருக்கிற வரிசை வீடுகள். ஒரு அறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தால் தமிழும் இந்தியும் தெலுங்குமாகப் பையன்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பகடை. கதை சொல்லிக்கொண்டிருந்தது ஆல்வின் அண்ணன். சுவரில் மூன்று பாஷையில் கோணல்மாணலாக ஏதேதோ விதி எழுதி ஒட்டியிருந்தது. அதன் கீழே ஒருவன் குள்ளமாக ஒரு பூதம் வரைந்திருந்தான்.

வெளியே வந்து எங்களுக்கு டீ சொன்னார். ரிஸ்வான் மன்னிப்புக் கேட்டார். நடுத்தெருவில், குரல் உடைந்து கேட்டார். "அட, வுடுங்க பாய். கேம்தானே," என்றார் ஆல்வின் அண்ணன். சிரிக்கவும் செய்தார். கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நான் வேணா இங்க வந்து ஆடட்டுமாடா? கதை நீ சொல்லு. ஒரு ஆளைப் போட்டுகினு ஓரமா குந்தினு இருக்கேன்."

ஆல்வின் அண்ணன் உள்ளே பார்த்தார். அவருக்காக அங்கே ஆட்டம் நின்றிருந்தது.

"பசங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்றேன் பாய்," என்றார்.

திரும்பும் வழியில் பாலத்தின்மேல் பைக்கை நிறுத்தினார் ரிஸ்வான். "கேட்டுட்டு சொல்றேன்னுதானே சொன்னான் ஷஹானா? வராதேன்னு சொல்லலையே?"

"சொல்லலைங்க," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் இப்போதும் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்கு வேறு யாரையும் ஆடக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டுவிட்டு, அந்த நேரம் பார்த்து அவன் வரச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்கிறார்.