பாறைத்திட்டில் ஹைடைட்

மனித நாகரிகம் ஆற்றங்கரையில் பிறந்தது. ஆற்றோடு ஓர் இரவு தங்காதவன் பிறந்தும் பிறவாதவன் என்றார் பிரம்மநாயகம். இதைச் சொன்னபோது அவர் கர்ஜத் லோக்கல் ரயிலில் மூன்று பேர் சீட்டின் நுனியில், நான்காவது ஆளாக, ஒற்றைத் தொடையில் உட்கார்ந்திருந்தார்.

தாராவியில் தோல்பைப் பட்டறை நடத்தும் அவர்தான் நெல்லைச் சிங்கங்கள் நடைக் கழகத்தின் நிறுவனர், தலைவர். உறுப்பினர்கள் இருவர்: பக்கத்துப் பட்டறை ராஜபாண்டி, செம்பூர் லேத் மெக்கானிக் தனசீலன். பத்து வயதில் தாமிரபரணியை நீந்திக் கடந்த கதையை இருவருக்கும் பலமுறை சொல்லியிருந்தார். உண்மையில் அவர் பிறந்தது தாராவிக்கு அடுத்த சயான் ஆஸ்பத்திரியில். தாமிரபரணியில் குளித்தது கோயில் கொடைக்குப் போனபோது, படிக்கட்டில் உட்கார்ந்து, சொம்பால். நீச்சல் தெரியாது. அதனால்தான் மகளின் நீச்சல் வளையத்தைக் காற்றிறக்கி, மடித்து, யாருக்கும் தெரியாமல் பையின் அடியில் வைத்திருந்தார்.

கர்ஜத்தில் இறங்கி, உல்லாஸ் ஆற்றோரமாகப் பகலெல்லாம் நடந்தார்கள். சாயங்காலம் ஆற்றின் நடுவே ஒரு பாறைத்திட்டைக் கண்டதும் தலைவர், "கரையில எவம்லே படுப்பான்? இதாம்லே நம்ம இடம்" என்றார். கணுக்கால் தண்ணீரில் நடந்துபோய்க் கூடாரம் அடித்தார்கள். ஏழு மணிக்கு மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு கொட்டியது. ஏழரைக்கு ஆறு முழங்காலளவு.

"அண்ணாச்சி, கரைக்குப் போயிருவமா?" என்றான் ராஜபாண்டி.

தலைவர் போனில் சேமித்திருந்த மாஹிம் கடலின் ஏற்ற இறக்க அட்டவணையைக் காட்டினார். "எட்டு பத்துக்கு ஹைடைட். அதுவரைக்கும் ஏறத்தாம்லே செய்யும். அப்புறம் தானா வடிஞ்சிரும். டென்சன் நக்கோ, பயப்படாதீக."

இருவரும் தலையாட்டினார்கள். தாராவிக்காரனுக்கோ செம்பூர்க்காரனுக்கோ இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. சந்துக்குள் தண்ணீர் வந்தால் அவன் வானத்தைப் பார்ப்பதில்லை, கடல் இறங்கும் நேரத்தைத்தான் பார்ப்பான். இந்தக் கணக்கு அவனுக்கு ஒரு மழைக்காலமும் தப்பியதில்லை.

எட்டு பத்துக்குத் தண்ணீர் கூடாரத்துக்குள் வந்தது. எட்டே காலுக்கு ஸ்டவ் போயிற்று. எட்டரைக்குக் கூடாரமே போயிற்று. மூவரும் பைகளோடு திட்டின் உச்சியில், மூன்று பேர் சீட்டளவு இடத்தில், ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

"இன்னைக்குக் கொஞ்சம் லேட்டா இறங்கும்போல" என்றார் தலைவர்.

"கேக்கேன்னு கோவிக்காதீங்க அண்ணாச்சி" என்றான் தனசீலன். "மாஹிம் இங்கன இருந்து எவ்வளவு தூரம்?"

பத்லாபூர், அம்பர்நாத், கல்யாண் என்று காலையில் தாண்டிய ஸ்டேஷன்களெல்லாம் பிரம்மநாயகத்தின் மண்டைக்குள் பின்னோக்கி ஓடின.

"கடல்தண்ணி மலையேறியா வரும்? இது மழைத்தண்ணி. இன்னும் ஏறும்" என்று தனசீலனே பதிலும் சொன்னான்.

பையிலிருந்த நைலான் கயிற்றின் ஒரு முனையைப் பாறையில் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு இறங்கினான். மார்பளவு. இரண்டு முறை தலை மறைந்தது. பிறகு கரையில் டார்ச் அசைந்தது, கயிறு விறைத்தது.

"நீங்க போங்க அண்ணாச்சி. தாமிரபரணியையே நீந்துன ஆளுக்கு இதெல்லாம் வாய்க்கா" என்றான் ராஜபாண்டி. கேலியில்லை, மெய்யாகவே நம்பிச் சொன்னான். "அங்க நின்னு எனக்குக் கை குடுங்க."

வேரோடு ஒரு மரம் சுழன்றுகொண்டு போனதைத் தலைவர் பார்த்தார். இனி மானத்தைப் பார்த்தால் உயிர் மிஞ்சாது. மண்டியிட்டுப் பையைத் துழாவினார். மகளின் வளையத்தை எடுத்து, ஊத ஆரம்பித்தார். ராஜபாண்டியின் டார்ச் வெளிச்சத்தில், ஒவ்வோர் ஊதலுக்கும் மஞ்சள் வாத்து ஒன்று மெல்லத் தலை நிமிர்த்தியது.

"என்னது அண்ணாச்சி இது?"

"பேசாம லைட்டப் புடிலே."

தலை நுழைந்தது, ஒரு கை நுழைந்தது, மற்றது நுழையவில்லை. அப்படியே கயிற்றைப் பற்றி இறங்கினார். நடு ஆற்றில் கால் தரை தப்பியது. கயிறும் வாத்துமாகச் சேர்ந்து அவர் மூக்கைத் தண்ணீருக்கு மேலே வைத்திருந்தன. தனசீலன் வளையத்தோடு இழுத்துக் கரையில் போட்டான். பின்னாலேயே ராஜபாண்டியும் வந்து விழுந்தான்.

மூச்சு திரும்பியதும் தனசீலன் டார்ச்சைக் கிட்டே கொண்டுவந்து, வளையத்தில் அச்சிட்டிருந்ததைச் சத்தமாகப் படித்தான். மூன்று வயது முதல் ஆறு வயது வரை. பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும்.