ஆரினின் படுக்கை

ஆரின் செத்தது இந்த லாரிக்குள்தான். மறைக்காமல் சொல்லித்தான் அவன் மனைவி வெர்னா எனக்கு விற்றாள். டிசம்பர் மாதம், நடுப்பகலில், லாரமீக்கும் ராலின்ஸுக்கும் இடையே லாரிகள் ஒதுங்கும் இடத்தில் நிறுத்தி, சீட்டுக்குப் பின்னாலிருக்கும் படுக்கையில் கொஞ்சம் கண்ணயர்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. அதனாலேயே எங்கள் ஊர் டோரிங்டனில் யாரும் அந்த வண்டியை வாங்க வரவில்லை. பத்தொன்பது வருடம் பிறத்தியார் வண்டி ஓட்டி எனக்கு அலுத்துப்போயிருந்தது. வாங்கிவிட்டேன்.

கதவில் ரோண்டா கெட்டில்சன் என்று என் பெயரை எழுதியதும் தொழில் தொடங்கிவிட்டதாக நினைத்தேன். சரக்கு பிடித்துக் கொடுக்கும் தரகர்கள் கம்பெனிக்கு எத்தனை மாதம் ஆகிறது என்று கேட்டார்கள். ஆறு மாதம் ஆகாத கம்பெனிக்கு லோடு கிடையாதாம். லோடே இல்லாமல் ஆறு மாதம் எப்படித் தாக்குப்பிடிப்பது என்றால் போனை வைத்துவிட்டார்கள். மூன்று வாரம் லாரி வீட்டு வாசலிலேயே நின்றது.

தினமும் காலையில் எஞ்சினைச் சூடாக்க ஏறுவேன். நான் குள்ளம், சீட்டை முன்னால் இழுத்துப் பூட்டிவிட்டுத்தான் இறங்குவேன். மறுநாள் பார்த்தால் அது கடைசிவரை பின்னால் போயிருக்கும். ஆரின் ஆறடிக்கு மேல். பூட்டு தேய்ந்துவிட்டது என்று மெக்கானிக் புதிதாக மாற்றினான். பிறகும் சீட் பின்னால் போனது.

முதல் லோடு கிடைத்ததும் ஆரினால்தான். பெட்ரோல் பங்கில் லாரியைப் பார்த்த பீன்ஸ் ஆலை மேனேஜர், ஆரின் என்று நினைத்துக் கையை ஆட்டிவிட்டார். பிறகு வெட்கத்தோடு கிட்டே வந்து பேசினார். ஆரின் ஏற்றிக்கொண்டிருந்த லோடு, வாரம் ஒன்று ஆக்டன் ஊருக்கு, இன்னும் ஆள் கிடைக்காமல் இருந்தது. எனக்குக் கொடுத்தார்.

அவன் போன சாலையிலேயே நானும் போக வேண்டியிருந்தது. நாலு தடவை அவன் செத்த இடத்தை நிற்காமல் கடந்தேன். ஐந்தாவது தடவை பனிக்காற்று சுழற்றியடித்தது. போலீஸ்காரர் சாலையை மூடி, என்னை அங்கேதான் ஒதுங்கி நிற்கச் சொன்னார். பகல் மணி பன்னிரண்டரை. கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. பின்னால் படுக்கையை மறைத்த திரையை நான் தொடவில்லை. கோட்டைப் போர்த்திக்கொண்டு சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

திரைக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். நிதானமாக, நன்றாகத் தூங்குகிறவர் விடுகிற மூச்சு.

யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்கவே இல்லை. வெர்னாவைக் கூப்பிட்டேன்.

"நான் அங்க நிக்கிறேன் வெர்னா. யாரோ தூங்குற மாதிரி கேக்குது."

அவள் என்னைக் கேலி செய்யவில்லை.

"அன்னைக்கு மூணு தடவை கூப்பிட்டேன்," என்றாள். "எடுக்கல. தூங்குறான், தூங்கட்டும்னு விட்டுட்டேன். யாரையாவது அனுப்பிக் கதவத் தட்டச் சொல்லியிருக்கலாம்."

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?"

"தெரியாதுதான். நீ திரைய விலக்கு. எனக்காக அவன எழுப்பு."

திரையை விலக்கினேன். மடித்து வைத்த போர்வை மட்டும் இருந்தது. மூச்சு இன்னும் கேட்டது, அதே நிதானத்தில். போனை ஸ்பீக்கரில் போட்டுப் போர்வைமேல் வைத்தேன்.

"ஆரின், எந்திரிங்க," என்றேன். "வெர்னா கூப்பிடுறாங்க."

போனுக்குள்ளிருந்து அவளும் கூப்பிட்டாள். அவன் பெயரை இரண்டு தடவை, காலையில் காப்பிக்கு எழுப்புகிற மாதிரி.

மூச்சு நின்றது.

"நின்னுடுச்சா?" என்று வெர்னா கேட்டாள்.

"நின்னுடுச்சு."

எழுந்துவிட்டானா, இல்லை மறுபடியும் செத்தானா என்று அவள் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தெரிந்திருக்காது. நாலு மணிக்குச் சாலை திறந்ததும் ஆக்டன் போய்ச் சரக்கை இறக்கினேன்.

இது நடந்து இரண்டு வருடம். இப்போது தரகர்களே என்னைத் தேடிக் கூப்பிடுகிறார்கள். சில வாரம் வெர்னாவும் ஆக்டன்வரை கூட வருகிறாள். வழி முழுக்க ஊர் வம்பு பேசுவாள். அந்த இடம் நெருங்கும்போது இருவரும் வாயை மூடிக்கொள்வோம். அதைத் தாண்டி மைல் கணக்கில் போகும்வரை இருவருமே பின்னால் திரையின் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.