மெரூன் சால்வை

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் ஒரு சாவையே மறைத்தார். இங்கே மலேசியாவில், தெலுக் இந்தானில் என்னைப் பெற்றவளைச் சிதையில் வைத்துக் கொளுத்திய அன்றைக்கு, நான் நியூசிலாந்தில் ஓர் ஆட்டுக்குட்டிக்குப் புட்டியில் பால் கொடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அதைப் படம் எடுத்தவரும் அவர்தான். எடுக்கும்போதே அவருக்குத் தெரியும்.

அவர் பெயர் தனேஸ்வரன். ஈப்போவில் பஸ் ஓட்டுகிறவர். ஐம்பத்தைந்து வயதில் இ.பி.எஃப் சேமநிதிப் பணம் கைக்கு வந்தால் எங்கள் தாமான் குடியிருப்பில் ஆளாளுக்கு வீட்டுக் கூரையை மாற்றுவார்கள், பழைய காரைக் கொடுத்துப் புதுக் காடி வாங்குவார்கள். இவர் கேம்பர்வேன் என்றார். படுக்கை, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கிற வேன். அதை வாடகைக்கு எடுத்துப் பனிமலை ஓரமாக ஓட்டிக்கொண்டு போய், தோன்றிய இடத்தில் நிறுத்திப் படுத்துத் தூங்க வேண்டுமாம்.

"ஆயுசு பூரா அவன் சொன்ன ஸ்டாப்புல நிப்பாட்டியாச்சு கலா. ஒருவாட்டி நான் நெனச்ச எடத்துல நிப்பாட்டணும்லா" என்றார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிள்ளைகுட்டி இல்லாத எங்களுக்கு வேறென்ன பெரிய செலவு? நானும் புந்தோங்கில் முறுக்குப் பொட்டலம் போடும் கடையில் லீவு சொன்னேன். அத்தையை, அதாவது அவர் அம்மாவை, குனோங் ராபாட்டில் இருக்கும் எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. அத்தைக்கு இன்னும் கை கால் திடமாக இருக்கிறது. என் அம்மாவுக்குத்தான் நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும்.

கிளம்புவதற்கு முன்னால் அம்மாவைப் பார்க்கப் போனேன். அம்மா பெயர் ராக்காயி. ரப்பர் தோட்டத்தில் கித்தா மரம் வெட்டிப் பால் எடுத்து என்னையும் அண்ணனையும் வளர்த்தவள். தோட்டத்தை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை போட்ட பிறகு, தெலுக் இந்தானில் சீனி அண்ணன் வீட்டோடு இருந்தாள். வாயைத் திறந்து எனக்கு இது வேண்டும் என்று கேட்டதே கிடையாது. அன்றைக்குக் கேட்டாள்.

"அங்க குளுராமே. எனக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கியா. ஒங்கண்ணன் விடிய விடிய ஏர்கோன் போட்டுக் கொல்றான்."

"வாங்கியாரேன். நான் வர்ற வரைக்கும் ஒழுங்கா மருந்து சாப்புடு."

"நான் எங்கடி போகப்போறேன், செம்பனைக்குள்ளயா?" என்றாள்.

என் கைப்பேசியை வீட்டு அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போனேன். "அங்க போயி உன் சிம்மத் தொறந்தா பில்லு எகிறிரும். என் போன் ஒன்னு போதும்லா" என்றார். இதில் கள்ளம் ஒன்றும் இல்லை. அப்போது அவருக்கும் தெரியாது. அவரைப் பற்றிச் சொல்ல என்னிடம் நிஜமே நிறைய இருக்கிறது, இட்டுக்கட்ட வேண்டியதில்லை.

போன முதல் இரண்டு நாளும் அவர் பஸ்தான் ஓட்டினார். நேரத்துக்குக் கிளம்பு, நேரத்துக்குச் சேர். நான் சமைத்தேன், நான் கழுவினேன், நான் படுக்கையை விரித்தேன். கடல் தாண்டிப் போயும் அதே சட்டி, அதே கரண்டி. ஒரு வளைவில் இழுப்பறை திறந்து தட்டெல்லாம் கீழே விழுந்தது. "சாத்தத் தெரியாதா ஒனக்கு, இதுக்கும் நான்தான் வரணுமா" என்று கத்தினார். ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். இதைப் பொறுக்கவா இவ்வளவு தூரம் வந்தேன் என்று இருந்தது.

மறுநாள் காலையில் தெக்காப்போ என்ற ஏரிக்கரையில் இருந்தோம். அவருக்கு ஒரு போன் வந்தது. எழுந்து தண்ணீர் ஓரம்வரை போய், முதுகைக் காட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பேசினார். திரும்பி வந்ததும் யார் என்று கேட்டேன்.

"டிப்போலேர்ந்துலா. சாவி எங்கன்னு கேக்குறானுங்க."

சொல்லிவிட்டு என் கையிலிருந்த தட்டை வாங்கிக் கழுவினார். கல்யாணமான நாளிலிருந்து காப்பி குடித்த கோப்பையைக்கூட நகர்த்தி வைக்காத மனிதர். சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் இப்போது நாக்குக் கூசுகிறது.

அதற்குப் பிறகு அவர் வேறு ஆளாகிவிட்டார். காலையில் மைலோ கலக்கி என்னை எழுப்பினார். குனிந்து உட்கார்ந்து எனக்குக் காலுறை மாட்டிவிட்டார். "எங்க நிப்பாட்டணும், சொல்லு" என்று கேட்டுக் கேட்டு, நான் கை காட்டிய இடத்திலெல்லாம் வேனை நிறுத்தினார். ஓர் ஆட்டுப் பண்ணையில் நிறுத்தச் சொன்னேன். குட்டியைத் தூக்கி மடியில் வைத்து, புட்டியையும் என் கையில் கொடுத்தார்கள். "இங்க பாரு கலா, நல்லா சிரி" என்றார். சிரித்தேன்.

ஒரு நாள் தானே வெங்காயம் நறுக்குகிறேன் என்று உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "இத்தன வருசமா நான் நறுக்குனனே, அப்ப தெரிஞ்சிச்சா?" என்று கேலி செய்தேன். "தெரியலலா, இப்பதான் தெரியுது" என்றார். பாவம், மனிதர் மாறிவிட்டார், இந்த ஊர்க் காற்று அப்படி என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். என் வாழ்க்கையில் ஓர் ஆள் என்னைத் தாங்கித் தாங்கிப் பார்த்துக்கொண்டது அந்தச் சில நாள்தான். அதற்கு என் அம்மா சாக வேண்டியிருந்தது.

கடைசி நாள், விமானம் ஏறுவதற்கு முன்னால், கம்பளிக் கடைக்குப் போனோம். நீலத்தில் ஒரு சால்வையை எடுத்தேன். அவர் என் கையிலிருந்து அதை வாங்கி வைத்துவிட்டு மெரூன் கலரில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"அத்தைக்கு இது எடுப்பா இருக்கும்" என்றார்.

என் அம்மாவை அத்தை என்று கூப்பிடுகிற அவர் வாயால் சொன்னது அது. அத்தைக்கு எடுப்பாக இருக்கும். அப்போது அம்மாவின் சாம்பலை ஆற்றில் கரைத்தாகிவிட்டது. நான் சால்வையை என் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்து, அம்மாவின் உயரத்துக்குச் சரியாக வரும் என்று சொன்னேன். அவரும் சரியாக வரும் என்றார்.

கோலாலம்பூரில் இறங்கி ஈப்போவுக்குக் காடியில் வந்தோம். வழியெல்லாம் நான்தான் பேசினேன். தாப்பா பக்கம் ஓரிடத்தில் நிறுத்தி, என்னைப் பார்த்து, ஏதோ சொல்ல வாயெடுத்தார். "என்னங்க?" என்றேன். "டீ குடிக்கிறியா?" என்றார்.

வீட்டு கேட்டுக்கு வெளியே அத்தை நின்றிருந்தார். பக்கத்தில் ஒரு வாளி, மஞ்சள் கலந்த தண்ணீர். ஊரில் கொடுக்க வாங்கிவந்த காந்தப் பொம்மைப் பையை ஆட்டிக்கொண்டே இறங்கினேன். அத்தை கையை நீட்டித் தடுத்தார்.

"உள்ள வராத தாயி. தலைக்கு ஊத்திக்கிட்டு வா. தீட்டு."

"என்ன தீட்டு அத்தை?"

அத்தை அழ ஆரம்பித்துவிட்டார். "காச்சலு விட்ருச்சா ஒனக்கு? பெத்தவ மொகத்தப் பாக்கக் குடுத்துவைக்கலயே. ஒனக்கு மேலுக்கு முடியலன்னு நான்தாம்மா அங்க எல்லார்ட்டயும் சொன்னேன்."

"யாருக்குக் காச்சல்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். கேட்டுவிட்டு என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். காடியின் பின்பக்கத்திலிருந்து பெட்டியைப் பாதி தூக்கியவர், வெளியே எடுக்கவும் இல்லை, திரும்ப வைக்கவும் இல்லை. அப்படியே நின்றார். எனக்கு அப்படித்தான் தெரியவந்தது, பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்க, நடுத்தெருவில்.

தலைக்கு ஊற்றிக்கொண்ட ஈரத்தோடேயே தெலுக் இந்தானுக்குக் கிளம்பினேன். அவர்தான் ஓட்டினார். வழியெல்லாம் அவர்தான் பேசினார்.

"நீ தாங்க மாட்டேன்னுதான் சொல்லல. அவ்ளோ தூரத்துல ஒன்ன வச்சிக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? போனவங்க போயிட்டாங்க. நீ வந்தா எந்திரிச்சா வரப்போறாங்க?" கொஞ்ச தூரம் போனதும் குரல் இறங்கியது. "வாழ்க்கையில ஒரே ஒருவாட்டிதான கலா போனோம்."

இந்தக் கடைசிப் பேச்சுதான் உண்மை. மற்றதெல்லாம் அதற்கு மாட்டிய சட்டை.

"ஒனக்குக் காச்சல்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டேன், காச்சல்னே இருக்கட்டும். மச்சானுக்குத் தெரிஞ்சா வெட்டுக்குத்தாயிரும்" என்றார்.

அண்ணன் வீட்டுக் கூடத்தில் அம்மா படமாக இருந்தாள், கீழே விளக்கு. விழுந்து அழுதேன். அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணி தினேஸ்வரிதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் குத்தியது.

"ரெண்டு நாளு ஐஸ் பொட்டியில வைக்கிறேன், தங்கச்சி வரட்டும்னு ஒங்கண்ணன் போன்ல கெஞ்சுனாரு. நீதான் எடுத்துருங்கன்னு சொன்னியாம். ஒன் புருஷன் சொன்னாரு."

அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அம்மா காத்திருந்திருப்பாள். நான் வந்து அவள் முகத்தைப் பார்த்து, ஒரு பிடி வாய்க்கரிசி போட்டிருக்கலாம். என் பேரைச் சொல்லி அதையும் கெடுத்தவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்து நின்றார். வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல நினைத்தேன். ஆட்டுக்குட்டி நினைவுக்கு வந்தது. காய்ச்சல்காரியாகவே இருந்துவிட்டேன்.

பதினாறாம் நாள் கருமாதிக்குச் சால்வையை எடுத்துக்கொண்டு போனேன். படையலில் அம்மாவுக்குப் புதுச்சேலை வைத்திருந்தார்கள். அதன்மேல் சால்வையை வைத்தேன். அண்ணன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"எங்க வாங்குனது?"

"அங்கதான். கேட்டிருந்தாங்க."

"எப்ப வாங்குன?"

அம்மா படத்துக்கு முன்னால் எனக்குப் பொய் வரவில்லை. "கெளம்புற அன்னிக்கு" என்றேன்.

"அம்மா செத்தது தெரிஞ்சும் அம்மாவுக்குச் சால்வ வாங்குனியா?"

"எனக்குத் தெரியாதுண்ணே" என்றேன். "காச்சலும் இல்ல ஒன்னும் இல்ல. ஊருக்கு வந்துதான் எனக்குத் தெரியும். எடுத்துருங்கன்னு நான் சொல்லல."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். வெட்டு விழும், குத்து விழும் என்று நானும் பார்த்தேன். விழுந்தால் விழட்டும் என்றுதான் இருந்தது. அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, "அவ தாங்க மாட்டான்னுதான் மச்சான்" என்றார். குரல் உடைந்தது. அவ்வளவுதான்.

பாப்பா சித்தி முதலில் ஆரம்பித்தாள். "நல்ல மனசுலதான பண்ணியிருக்காரு. எம்புட்டு ஆச இருந்தா இத்தன நாளு மனசுக்குள்ளயே வச்சிக்கிட்டு இவள சிரிக்க வச்சிருப்பாரு. எந்தப் புருஷன் பண்ணுவான்?" இன்னொருத்தி ஆமாம் என்றாள். அண்ணிகூட என் கையைப் பிடித்து, "நீ குடுத்துவச்சவ கலா" என்றாள். அண்ணன் சால்வையைத் திரும்பப் படையலில் வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாப்புட்டுப் போங்க மச்சான்" என்றார்.

அவ்வளவுதான் விசாரணை. என்னை ஒருவரும் கேட்கவில்லை. எனக்குச் செய்ததை எனக்குப் பதிலாக அவர்களே மன்னித்துவிட்டார்கள். அண்ணனும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்; ஓர் இலையில் நான் பாயசம் ஊற்ற, மறு இலையில் அண்ணி ஊற்றினாள். சாப்பிட்ட பிறகு வாசல் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தவர்கள் போனை எடுத்துவிட்டார்கள். "வேனுக்குள்ளயே அடுப்பு இருக்குமாமே" என்று அண்ணன் கேட்பது காதில் விழுந்தது. அவர் ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினார். ஆட்டுக்குட்டிப் படம் வந்திருக்க வேண்டும். "தங்கச்சி நல்லா இருக்கு இதுல" என்றார் அண்ணன்.

அதற்கப்புறம் மாதங்கள் ஓடிவிட்டன. நான் சமைக்கிறேன், வேலைக்குப் போகிறேன், கேட்டால் பதில் சொல்கிறேன். அவர் கொஞ்ச நாள் தட்டுக் கழுவினார், பிறகு விட்டுவிட்டார். பாத்திரங்கள் மறுபடியும் என்னிடமே வந்துவிட்டன. மைலோ டின்னை மட்டும் நான் தொடுவதில்லை.

போன வாரம் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது போனை என் பக்கம் திருப்பினார். ஜப்பானாம். அங்கேயும் கேம்பர்வேன் கிடைக்கிறதாம். மீன் கறி ஊற்றிக்கொண்டிருந்த கரண்டியை நிறுத்தவில்லை நான்.

"நீ இப்பல்லாம் சிரிக்கவே மாட்டேங்கிறலா. ஒருவாட்டி போயிட்டு வருவோம். அங்க எப்படி இருந்தே நீ" என்றார்.

அத்தை ஹாலில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். காது நன்றாகக் கேட்கும் அவருக்கு. எனக்கு அது தெரியும்.

"போலாமே" என்றேன். "உங்க அம்மா சாகுற அன்னிக்குப் பாத்து டிக்கெட்டப் போடுங்க. நான் சொல்லாம வச்சிருக்கேன். ஒங்கள நல்லா சிரிக்க வைக்கிறேன்."

அவர் கை சோற்றிலேயே நின்றது. முகம் கறுத்துவிட்டது. இத்தனை மாதத்தில் முதல்முறையாக என்னைக் கோபமாகப் பார்த்தார்.

"எங்கம்மா ஒனக்கு என்ன பண்ணாங்க?"

"எங்கம்மா ஒங்களுக்கு என்ன பண்ணாங்க?"

ஹாலில் அத்தை தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என் வீட்டுக்காரர் மறுபடியும் சாப்பிட ஆரம்பித்தார். நான் மீன் கறியைக் கொண்டுபோய் மூடி வைத்தேன்.