செக்குமேட்டு முக்கில் நிற்கும் ஆள்

நான் வைத்தியம் பார்க்கும் ஆலமரத்துக்கு வியாழக்கிழமை காலை அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. கொண்டு வந்தவர் அதை மரத்திடமே நீட்டினார். மரம் வாங்கவில்லை. நான் வாங்கிக்கொண்டேன்.

“செக்குமேட்டு முக்கில் நிற்கும் ஆளை இன்று மாலை ஐந்து மணிக்குள் அகற்றவும். மர வைத்தியர் துளசிமணி கையெழுத்துப் போட்டால் மட்டுமே இந்த உத்தரவு செல்லும்.”

துளசிமணி நான்தான். ஆலை அகற்றவும் என்று எழுத வேண்டிய இடத்தில் ஆளை என்று எழுதியிருந்தார்கள். எங்கள் ஊரில் அலுவலகம் எதை எழுதுகிறதோ அது அப்படியே ஆகிவிடும். போன வருடம் குளம் என்பதைக் குலம் என்று எழுதிவிட்டார்கள். தண்ணீர் முழுக்க நல்ல சம்பந்தம் தேடிக் கிளம்பிப் போய்விட்டது. ஐப்பசியில்தான் திரும்பி வந்தது.

மரத்தைப் பார்த்தேன். அடிமரத்தில் அதற்குள் இரண்டு சட்டைப் பொத்தான்கள் முளைத்திருந்தன.

அந்த மரத்தை எனக்குப் பதினெட்டு வருடமாகத் தெரியும். அதன் தெற்கு விழுது ஒரு சைக்கிளை விழுங்கியிருக்கிறது. மணி மட்டும் வெளியே தெரியும். காற்றடித்தால் அடிக்கும். வடக்குக் கிளை டீக்கடைப் பக்கம் போய், என்ன நினைத்ததோ, பாதியில் திரும்பி வந்துவிட்டது. அப்படி ஒரு வளைவை நான் வேறு எந்த மரத்திலும் பார்த்ததில்லை. பட்ட கிளையை மட்டும்தான் எடுப்பேன். கிளை தண்டோடு சேருகிற இடத்தில் ஒரு கழுத்து இருக்கும். அதை விட்டுத்தான் அறுக்க வேண்டும். கழுத்தை அறுப்பது அலுவலகத்தின் வேலை, என்னுடையது இல்லை.

கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். வாசல் காவலுக்குத் தூங்குமூஞ்சி மரம் ஒன்றைப் போட்டிருந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தது. நல்ல மரம். உள்ளே எழுத்தர் சென்னியப்பனின் மேசை தாழ்வாரத்தின் கடைசியில் தெரிந்தது. நான் பத்தடி நடந்தால் தாழ்வாரம் பதினோரடி நீண்டது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கயிற்றை வீசி மேசையைக் கட்டி இழுத்தேன். சென்னியப்பன் நாற்காலியோடு வந்து சேர்ந்தார்.

“ஏனுங்க அம்மிணி, வரிசையில வரக் கூடாதுங்களா?”

“வரிசையில நான் ஒருத்திதானுங்க இருக்கேன். உங்க உத்தரவுல தப்பு இருக்குது. அது ஆளு இல்லீங்க, ஆலு. சின்ன ல போடணும்.”

அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். “ஒரு எழுத்துத் திருத்தத்துக்கு எனக்கு அதிகாரம் இருக்குதுங்க” என்று சொல்லி, ஆளை என்பதை அடித்து ஆலை என்று எழுதினார்.

உடனே சங்கு ஊதியது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆலமரத்துக்குள்ளிருந்து முதல் ஷிப்ட் ஆட்கள் தலையில் பஞ்சோடு வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

“ஆலைன்னா மில்லுங்க” என்றார் சென்னியப்பன். “மில்லை அகற்றோணும்னா நாலு கிரேன் வேணும். சொல்லி விடட்டுங்களா?”

“அட கடவுளே! ஆலமரம்னு எழுதுங்க.”

“அதுல மூணு எழுத்துக் கூடுது. மேலிடத்துல கேட்கோணும். மேலிடம் மேலே போயிருக்குதுங்க.”

“அப்படின்னா பழையபடி ஆளுன்னே போடுங்க.”

போட்டார். சங்கு பாதியில் நின்றது. பேனாவை என் பக்கம் நீட்டினார்.

“கையெழுத்து.”

“போட மாட்டேன்.”

“போடலீன்னா உங்க தொழிலை மரம்வெட்டின்னு மாத்திருவோம். எழுதறப்ப மரம் விட்டுப் போச்சுன்னா வெறும் வெட்டிதானுங்க நீங்க.”

“தாராளமா எழுதிக்கோங்க. என் கையால அதைச் சாய்க்க மாட்டேன். இன்னிக்கும் மாட்டேன், என்னிக்கும் மாட்டேன்.”

திரும்பி வந்தேன். செக்குமேட்டு முக்கில் ஆலமரத்தோடு முதுகை ஒட்டி நின்றுகொண்டேன். பொத்தான் முதுகில் குத்தியது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நகரக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சென்னியப்பனே ரம்பத்தோடு வந்தார். உத்தரவைச் சத்தமாக வாசித்தார். நாங்கள் கேட்டுக்கொண்டோம்.

“அம்மிணி, நகருங்க.”

நான் நகரவில்லை.

“கையெழுத்தாவது போடுங்க.”

நான் கையை நீட்டவில்லை. மரமும் நீட்டவில்லை. அவருக்குப் பொறுமை போய்விட்டது.

“என்னங்க இது, சொல்லச் சொல்ல ரெண்டு பேரும் மரம் மாதிரி நிக்கறீங்க!”

சின்ன வயதிலிருந்து என்னை இப்படித் திட்டியவர்கள் ஏராளம். ஒருவர்கூட எழுதித் தந்ததில்லை.

“அதை எழுத்துல குடுங்க” என்றேன்.

எழுத்தில் கேட்டால் எழுத்தில் கொடுத்தாக வேண்டும். அது அவர்கள் சட்டம். சென்னியப்பன் ரம்பத்தைக் கீழே வைத்தார். முழங்காலில் தாளை வைத்து எழுதினார். ‘செக்குமேட்டு முக்கில் இருவரும் மரம் மாதிரி நிற்கின்றனர்.’ முத்திரை குத்தினார்.

முதுகில் குத்திக்கொண்டிருந்த பொத்தான் உதிர்ந்தது. இன்னொன்றும் உதிர்ந்தது. என் செருப்புக்கு அடியில் மண் ஈரமாக இருந்தது, கால்விரல்கள் அதற்குள் போய்க்கொண்டிருந்தன. வலிக்கவில்லை. சைக்கிள் மணி ஒரு தடவை அடித்தது.

சென்னியப்பன் பழைய உத்தரவை எடுத்துப் பார்த்தார். செக்குமேட்டு முக்கில் நிற்கும் ஆளை அகற்றவும். எங்களைப் பார்த்தார். சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். வேறு ஆள் யாரும் இல்லை. கடைசியாகக் குனிந்து தன் கால்களைப் பார்த்தார்.

ஓடலாம் என்று நினைத்திருப்பார். ஆனால் அவர் நிற்கிறார் என்று உத்தரவில் எழுதியிருந்தது.

“அம்மிணி” என்றார். குரல் இறங்கியிருந்தது. “நீங்க கையெழுத்துப் போடாத வரைக்கும் அது செல்லாதுங்க. போட்ராதீங்க.”

என் வலது கை அதற்குள் துளிர்விட்டிருந்தது. இடது கை மிச்சம் இருந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.

போட்டேன்.