துரு போன துப்பாக்கி

உறையிலிருந்து கைத்துப்பாக்கியை உருவியதும் லோர்னா திகைத்துப்போனாள். நேற்றுக் கடையில் வாங்கியது போலப் பளபளத்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து அப்பா ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்தது அது. போன கிறிஸ்துமஸ் வரை பழுப்பும் புள்ளித் துருவுமாகத்தான் இருந்தது. உயிலில் அவளுக்கென்று எழுதியிருந்தார். அவர் செத்து மூன்று நாள்கூட ஆகவில்லை. அதற்குள் எவன் மாற்றினான்?

எவன் என்ன எவன், தம்பி வெண்டல்தான். கடைசி மாதம் முழுக்க இந்த வீட்டில் இருந்தவன் அவன் ஒருவன்தான்.

தொலைபேசி அடித்தது. சவ அடக்கம் செய்பவர்.

"அப்பாவோட வலது கை விரல் நுனியெல்லாம் கறுப்பா இருக்கும்மா. தேச்சாலும் போகல. வெள்ளைக் கையுறை மாட்டிடவா?"

"என்னவோ பண்ணுங்க."

சமையலறையில் வெண்டல் விருந்தாளிகளுக்காகப் பன்றித்தொடைக் கறியை நறுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அப்பாவின் நண்பர் ஓரின். ஒஹையோவில் துப்பாக்கிச் சந்தை எங்கே கூடினாலும் மேசை போட்டு விற்கிற மனிதர். லோர்னா நீட்டியதை வாங்கி, குண்டு இல்லையென்று முதலில் பார்த்துக்கொண்டார். பிறகு உறையோடு இருந்த பட்டாளத்து அனுமதிக் காகிதத்தைப் பிரித்து, அதிலிருந்த எண்ணும் துப்பாக்கியில் பொறித்த எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்தார்.

"அதே துப்பாக்கிதான், மாத்தல. யாரோ உப்புத்தாள் போட்டுத் தேச்சு, புட்டியில விக்கிற கருநீல மருந்தைப் பூசியிருக்காங்க. முனையெல்லாம் மழுங்கிப்போச்சு. முத்திரை பாதி காணோம்."

"விலை குறையுமா மாமா?" என்றாள் அவள்.

"துருவோட விட்டிருந்தா சேகரிக்கிறவன் போட்டி போட்டு வாங்குவான். இப்ப கால்வாசி தேறினா பெரிசு."

லோர்னா தம்பி பக்கம் திரும்பினாள். "எனக்குத் தெரியாம விக்கத்தானே மினுக்கின?"

"நான் தொடவே இல்ல. துப்பாக்கி அலமாரிச் சாவி அப்பாகிட்டதான் இருந்துச்சு."

"செத்தவர் மேல பழியா? நீ இன்னிக்கு அவர் பெட்டியைத் தூக்க வேண்டாம்."

வெண்டல் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போனான். ஓரின் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டே நின்றார்.

மதியம் அடக்கக் கூடத்தில், கூட்டம் வருமுன், திறந்த பெட்டியருகே அவள் தனியாக நின்றாள். வெள்ளைக் கையுறை உறுத்தியது. கையுறை மாட்டுகிற ஆளா அப்பா? மெல்ல உருவினாள். நகக்கண் எல்லாம் கருநீலம். துப்பாக்கியின் அதே நிறம்.

கிறிஸ்துமஸ் அன்று அவர் துப்பாக்கியைக் காட்டி, "இது உனக்குத்தான்" என்றபோது, "ஐயே, இந்தத் துருப்பிடிச்ச சனியனை நான் எங்க வைக்கிறது?" என்று கேலி செய்திருந்தாள். அவரும் சிரித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உறையில் போட்டார்.

வெட்கத்தில் அவளுக்கு முகம் எரிந்தது.

"மறுபடி மாட்டிடட்டுமாம்மா?" என்று கேட்டார் உள்ளே வந்த அடக்கம் செய்பவர்.

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

வெண்டல் கோட்டைக் கழற்றாமல் கதவோரம் நின்றிருந்தான்.

"தலைமாட்டுப் பக்கம் நீ பிடி, வெண்டல்" என்றாள், புறங்கையால் கண்ணைத் துடைத்தபடி.

அவன் வந்து எதிர்ப்பக்கம் நின்றான். அப்பாவின் கையைப் பார்த்தான். பிறகு கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவளிடம் நீட்டினான்.