ஒரே டப்பா ஸ்நோ

பாண்டி பஜாரில் சிதம்பரநாதன் அண்ணாச்சியின் பேன்ஸி ஸ்டோரில் ஒரு சட்டம் உண்டு. ஸ்நோ, பவுடர் விற்கிற கவுன்டரில் நிற்கிற பெண்கள் அதையே பூசிக்கொண்டுதான் நிற்க வேண்டும். விற்கிறவள் முகத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறவளுக்கு ஆசை வரும் என்பது அண்ணாச்சியின் கணக்கு. மாதிரிக்கென்று திறந்து வைத்த டப்பாவிலிருந்து தினம் காலையில் குல்சும் ஒரு விரல் எடுப்பாள், தங்கம் ஒரு விரல் எடுப்பாள். இரண்டு பேரும் அந்தக் கவுன்டரில் சேர்ந்து நிற்கத் தொடங்கிய நாளிலிருந்தே இரண்டு முகத்துக்கும் ஒரே டப்பாதான்.

அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பது குல்சுமுக்குத் தெரியும். அடையாறில் மாதர் சங்கம் ஒன்றில் ஸ்நோ செய்யக் கற்றுக்கொடுத்தபோது போய்வந்தவள். ஸ்டியரிக் ஆசிட் என்று வெள்ளையாக, மெழுகு மாதிரி ஒன்று. அதை உருக்கி, கொஞ்சம் சோடாக் காரமும் கிளிசரினும் விட்டு, தண்ணீரை ஊற்றிக் கிண்டிக்கொண்டே இருந்தால் ஸ்நோ. தேன்மெழுகும் எண்ணெயும் வெண்காரமும் சேர்ந்தால் கோல்டு கிரீம். பவுடர் என்பது அரைத்த மாக்கல், வேறொன்றும் இல்லை. மலிவு டப்பாவுக்கும் விலை கூடின டப்பாவுக்கும் பெரும்பாலும் சென்ட்டும் மூடியும்தான் வித்தியாசம்.

"காஞ்ச தோலுக்கு கோல்டு கிரீம், எண்ணெ வடியிற மூஞ்சிக்கு ஸ்நோ. அவ்ளோதாம்மா விஷயம்" என்று அவள் உள்ளதைச் சொல்லித்தான் விற்றாள். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு ஜனங்கள் விலை கூடினதையே கேட்டு வாங்கிப் போனார்கள். நாள் முழுக்க நின்று, இதையே சொல்லிச் சொல்லி, சாயந்திரம் ராயப்பேட்டைக்குப் போய்ச் சேரும்போது அவளுக்குச் சொந்தப் பிள்ளைகளிடம் பேசக்கூட வாயில் தெம்பு இருக்காது.

தங்கம் அண்ணாச்சியின் ஊர்ப்பக்கத்துக்காரி. அந்த உரிமையில்தான் வேலை கிடைத்தது. புருஷன் இசக்கிமுத்து பம்பாயில் லேத் பட்டறை வேலைக்கென்று போனவன். அவனைப் பற்றிக் கடைசியாகத் தகவல் வந்து நாலு வருஷம் ஓடிவிட்டது. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் மாமியாரும் அவளும் மட்டும். ரயிலில் அடிபட்டான் என்றார் ஒருத்தர். அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான் என்றார் இன்னொருத்தர். தங்கம் யாரோடும் மல்லுக்கு நின்றதில்லை. யாராவது அப்படிப் பேசிவிட்டால், மறுநாள் நெற்றியில் பொட்டு இன்னும் கொஞ்சம் பெரிதாகியிருக்கும். கடையில் எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்ததுபோல் யாரும் காட்டிக்கொள்வதில்லை.

அந்த வருஷம் வெயில் காலத்தில் அந்த நெற்றியில்தான் அரிப்பு தொடங்கியது. முதலில் சிவந்து தடித்தது, பிறகு பொருக்குத் தட்டியது, பிறகு பொட்டைச் சுற்றிக் கருகருவென்று ஒரு வளையம். ஸ்நோ ஒத்துக்கொள்ளவில்லை என்று அண்ணாச்சியிடம் அனுமதி வாங்கி ஸ்நோவை நிறுத்தினாள். ஆறவில்லை. பவுடரை நிறுத்தினாள். சோப்பை விட்டுப் பயத்தமாவுக்கு மாறினாள். தலைக்குத் தேய்க்கிற எண்ணெயை மாற்றினாள். மஞ்சள் பூசிக் குளிப்பதைக்கூட விட்டாள். புண் மட்டும் சட்டமாக உட்கார்ந்திருந்தது.

குல்சும் தினமும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதே ஸ்நோ, அதே பவுடர், அதே வெயில், அதே வியர்வை. தன் நெற்றியில் ஒன்றுமில்லை. ஆடி மாசத்தில் ஒரு நாள் தங்கம் முந்தானையால் நெற்றியை ஒற்றி எடுத்தபோது துணியில் ரோஸ் நிறத்தில் ஒரு கறை இறங்கியது. குல்சும் அந்தக் கறையை உற்றுப் பார்த்தாள். அவள் புருஷன் மெஹபூப் பாஷாவுக்குச் சேலைக்குச் சாயம் போடுகிற வேலை. சாயத்தில் முக்கி முக்கி அவர் மணிக்கட்டு இரண்டும் இதே கறுப்பு, இதே பொருக்கு, இதே அரிப்பு. மஞ்சளில் செய்த குங்குமம் மங்கலாக, கொஞ்சம் அரக்கு நிறத்தில் இருக்கும். தங்கம் வைப்பது கண்ணைப் பறிக்கிற சிவப்பு. ஒரு வெள்ளிக்கிழமை அவளோடு போனபோது, கோயில் பக்கத்துத் தள்ளுவண்டியில் பொட்டலம் பொட்டலமாக அதை வாங்கியதைக் குல்சுமே பார்த்திருக்கிறாள். மாவில் துணிச் சாயத்தைக் கலந்து விற்கிற சரக்கு.

முகத்தில் படுகிற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தவள், அதை மட்டும் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கடையிலும் யாரும் சேர்க்கவில்லை. அது பூசுகிற பொருள் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

சொல்லிவிடலாம். ஒரே வார்த்தைதான். ஆனால் எப்படிச் சொல்வது? புருஷன் இருக்கிறானா இல்லையா என்று ஊரே கையைப் பிசைகிறபோது, 'உன் பொட்டை எடுத்துடு' என்று எந்த வாயால் சொல்வது? அதுவும் பொட்டே வைக்காத ஒருத்தி சொன்னால் அது வைத்தியமாகவா காதில் விழும்? குல்சும் ஒவ்வொரு நாள் காலையிலும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வந்தாள். ஒவ்வொரு நாள் சாயந்திரமும் சொல்லாமல் பஸ் ஏறினாள். சும்மா இருப்பது இவ்வளவு அசதியான வேலை என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

புரட்டாசியில் அபிராமபுரத்திலிருந்து வழக்கமாக வருகிற அம்மாள் ஒருத்தி கோல்டு கிரீம் டப்பாவைக் கையில் எடுத்துவிட்டுத் தங்கத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதைப் போட்டுண்டா உன் நெத்தி இப்படி ஆச்சு?" என்று கேட்டு, டப்பாவை மெல்லத் திரும்ப வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கல்லாவில் இருந்த அண்ணாச்சி அதைப் பார்த்தார். கெட்டவர் இல்லை, கடைக்காரர். கடை சாத்துகிற நேரத்தில் கூப்பிட்டுச் சொன்னார்.

"தீவாளிக் கூட்டம் வரப்போவுது தாயி. அதுக்குள்ள இது ஆறலன்னா நீ மேல பாக்கிங்குக்குப் போயிரு. மனசுல ஒண்ணும் வச்சுக்காத."

மேலே போனால் கவுன்டர் கமிஷன் கிடையாது. கமிஷன் இல்லாமல் மாமியாரையும் வைத்துக்கொண்டு மயிலாப்பூரில் வாடகை கொடுத்துக் குடியிருக்க முடியாது. தங்கம் தலையை மட்டும் ஆட்டினாள். குல்சுமுக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தான் சொல்ல முடியாததை ஒரு டாக்டர் சொல்லட்டும் என்று, மறுவாரம் இரண்டு பேருக்கும் லீவு சொல்லிவிட்டு, குல்சும் பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குத் தங்கத்தை இழுத்துக்கொண்டு போனாள். மத்தியானம் வரை பெஞ்சில் காத்திருந்தார்கள். உள்ளே இருந்தது சின்ன வயசு டாக்டரம்மா, கெட்டிக்காரி. நெற்றியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு நேரே அந்த இடத்துக்கே வந்துவிட்டாள்.

"குங்குமம் எங்க வாங்குறீங்க?"

அப்பாடா என்று குல்சும் மூச்சை விட்டாள்.

"வாங்குறது இல்லம்மா" என்றாள் தங்கம். "வீட்டுலயே இடிக்கிறது. மஞ்சளும் எலுமிச்சம்பழமும் வெண்காரமும் போட்டு எங்க அத்தை செய்வாக."

"நிச்சயமா? கடைச் சரக்கு இல்லையே?"

"இல்லம்மா."

"அப்ப அது இல்லை" என்று டாக்டரம்மா வேறு எதையோ எழுதினாள். கலாமைன் லோஷன் ஒரு பாட்டில், மாத்திரை கொஞ்சம். ஸ்நோ, பவுடர் பக்கமே போகாதே என்று ஒரு எச்சரிக்கை. தங்கம் கும்பிட்டுவிட்டு எழுந்தாள். பொய் சொல்லிய முகமாகவே அது இல்லை.

வெளியே பஸ் ஸ்டாப்பில் நிழலே இல்லை. மயிலாப்பூர் பஸ் வருகிற வழியாகத் தெரியவில்லை. முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு குல்சும் கேட்டாள்.

"இன்னாத்துக்கு தங்கம் டாக்டரம்மாவாண்ட பொய் சொன்னே?"

தங்கம் மருந்துச் சீட்டை நாலாக மடித்தாள்.

"அந்த வண்டிக்காரன்கிட்ட நீ வாங்கறப்ப நான் பக்கத்துலதானே நின்னுக்கினு இருந்தேன்? அது சாயம். என் ஊட்டுக்காரு கையில கீது பாரு, அதே சாயம். அதான் உன் நெத்திய தின்னுது."

"உனக்கு எப்பலருந்து தெரியும்?"

"ஆடிலேருந்து."

"எனக்குச் சித்திரையிலயே தெரியும்" என்றாள் தங்கம். "காய்ச்சல்ல படுத்துக் கெடந்தேன்லா, அப்பம் நாலு நாள் பொட்டு வைக்கல. தானா ஆறிட்டு. எந்திரிச்சு வச்சேன், திரும்ப வந்துட்டு."

ஸ்நோவையும் பவுடரையும் சோப்பையும் ஒவ்வொன்றாக நிறுத்தியதெல்லாம் ஊருக்குக் காட்டத்தானா?

"தெரிஞ்சுமா? நல்ல மஞ்சள் குங்குமம் வாங்கி வைக்கக் கூடாதா? நானே வாங்கியாறேன், ராயப்பேட்டையில ஒரு நாட்டு மருந்துக் கடையில..."

"வச்சுப் பார்த்தேன். சாந்துப் பொட்டும் வச்சுப் பார்த்தேன். புண்ணு மேல எதை வச்சாலும் எரியத்தானே செய்யும்."

"அப்ப ஆறுற வரைக்கும் ஒண்ணுமே வைக்காத. அதுக்கப்புறம் நல்லதா பார்த்து வச்சுக்கலாம். தோலுதானே தங்கம், ஆறிடும்."

சொல்லி முடித்ததும் குல்சும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தங்கத்தின் முகத்தில் கோபம் இல்லை. நாலு வருஷமாகத் தலையில் சுமந்ததை யாரோ பிடித்து இறக்கி வைக்க வந்ததுபோல், அவள் குல்சுமையே பார்த்தாள்.

"வேற யாராவது சொல்லியிருந்தா சண்டைக்குப் போயிருப்பேன்" என்றாள். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

அன்று ராத்திரி குல்சும் சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் காலையில் அவள் கவுன்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தங்கம் வந்தாள். கருகிய நெற்றியில் கலாமைன் மட்டும் வெளுத்துக் காய்ந்திருந்தது. பொட்டு இல்லை. பொட்டில்லாத அந்த முகத்தைக் குல்சும் அதுவரை பார்த்ததே இல்லை. சட்டென்று அடையாளம் தெரியவில்லை.

வளையல் பகுதியில் பேச்சு நின்றது. சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டிக்கொண்டிருந்த அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். ஊதுவத்தியை அப்படியே வைத்துவிட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எப்பம் தாயி தகவல் வந்துச்சு?"

அது ஒண்ணுமில்ல அண்ணாச்சி, புண்ணு ஆறுறதுக்காக எடுத்திருக்கா என்று சொல்லக் குல்சும் வாயைத் திறந்தாள். அதற்குள் தங்கம் பேசிவிட்டாள்.

"நேத்து சாயந்திரம் அண்ணாச்சி."

"யாரு வந்து சொன்னா?"

"தெரிஞ்சவங்கதான்."

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். நாலு வருஷமாக ஒரு சொட்டு விடாதவள், கடை வாசலில் ஜனம் நின்று வேடிக்கை பார்க்கிற அளவுக்கு, அவன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். பம்பாயில் இசக்கிமுத்து உயிரோடு இருக்கிறானோ இல்லையோ, யாருக்குத் தெரியும். கவுன்டரைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து குல்சும் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கூட இருந்த பெண்களும் அழத் தொடங்கினார்கள். அண்ணாச்சி கடையை ஒரு நாள் சாத்தச் சொன்னார். அந்த அழுகையை நிறுத்தி, தகவல் எதுவும் வரவில்லை என்று சொல்லக் குல்சுமுக்கு வாய் வரவில்லை.